பழனி ரோப்கார் காற்றுக்கு நிற்கிறது, லா பாஸில் ஊரே அதில்தான் வேலைக்குப் போகிறது: இரண்டும் ஒரே எந்திரமா?

அடிவாரத்தான்:
ஆடி பிறந்தால் பழனியில் இதே கதைதான். பலத்த காற்று, ரோப்கார் நிறுத்தம் என்று அறிவிப்பு வரும், கூட்டம் அப்படியே விஞ்ச் வரிசைக்குத் திரும்பும். மாதத்தில் ஒரு நாள் பராமரிப்பு, வருடத்தில் ஒரு மாதம் போல மூடிவைத்துப் பெரிய பராமரிப்பு. 2004-இல் வந்ததிலிருந்து இப்படித்தான் போகிறது.

பொலிவியாவின் லா பாஸ் நகரத்தில் 2014 முதல் ரோப்கார்தான் நகரப் போக்குவரத்து. பத்துத் தடங்கள், எல்லாம் சேர்த்து சுமார் 30 கிலோமீட்டர். ஆபீஸ் போகிறவர், பள்ளிக்கூடம் போகிற பிள்ளை, மார்க்கெட்டுக்குக் கூடை தூக்குகிறவர் எல்லாரும் அதில்தான் போகிறார்கள். அங்கே காற்று அடிக்காதா? பராமரிப்பு வேண்டாமா? பழனியிலிருந்து கொடைக்கானலுக்கே ரோப்வே போடலாம் என்ற பேச்சு வேறு ஓடுகிறது. சின்ன மலைக்கே இந்தப் பாடு என்றால் அது என்ன ஆகும்? விஷயம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

வடம்பிடித்தவன்:
வட இந்தியாவில் ரோப்வே பராமரிப்பில் வேலை பார்த்தவன், எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

முதலில் விஞ்சைத் தள்ளி வைத்துவிடலாம். அது தண்டவாளத்தில் ஓடும் பெட்டி, வடம் இழுக்க மட்டும்தான். பினாங்கு மலையில் ஓடுவதும் அந்தக் குடும்பம்தான். காற்று அதை அசைக்காது. அதனால்தான் 1966-இல் வந்த விஞ்ச் ஓடிக்கொண்டிருக்கும்போது அதற்கு அப்புறம் வந்த ரோப்கார் நிற்கிறது.

ஆகாயத்தில் தொங்குகிற எதைப் பார்த்தாலும் இரண்டு கேள்வி கேளுங்கள். எடையைத் தாங்குகிற வடமும் இழுக்கிற வடமும் ஒன்றா, வேறு வேறா? பெட்டி வடத்தோடு நிரந்தரமாகப் பூட்டப்பட்டிருக்கிறதா, ஸ்டேஷனில் கழன்று மறுபடி பிடிக்கிறதா? பெயர்கள் எத்தனை இருந்தாலும் பாதிக்கு மேல் இந்த இரண்டு கேள்வியில் அடங்கிவிடும்.

பழனியில் ஒரே வடம்தான் தாங்குகிறது, அதுவேதான் ஓடி இழுக்கிறது. பெட்டிகள் அதில் பூட்டியபடியே இருக்கும், நான்கு நான்காக ஒரு கொத்து. ஒரு கொத்து மேலே போகும்போது இன்னொன்று கீழே வரும். ஏற்றி இறக்க வேண்டுமானால் வடம் முழுவதையும் நிறுத்தியாக வேண்டும். ஒரு பாட்டி மெதுவாக ஏறினாலும் மேலே இருப்பவர்கள் காத்திருக்க வேண்டியதுதான்.

ராஜ்கீர், மலம்புழா மாதிரி நாற்காலி ரோப்வேயிலும் பிடி நிரந்தரம்தான். ஆனால் அங்கே வடம் நிற்காமல் மெதுவாக ஓடும், நாம் தயாராக நின்று சட்டென்று உட்கார்ந்துகொள்ள வேண்டும். அமெரிக்காவில் சன் வேலி பனிச்சறுக்கு மலையில் 1936-இல் இதை முதலில் போட்டார்கள். வாழைத்தார்களைக் கொக்கியில் மாட்டிக் கப்பலில் ஏற்றும் எந்திரத்தைப் பார்த்து ஜேம்ஸ் கரன் என்ற எஞ்சினீயர் யோசித்தது அது.

லா பாஸிலும் ஒரே வடம்தான், இதைக் கவனியுங்கள். தாங்குவதும் இழுப்பதும் அதுவேதான். வித்தியாசம் பிடியில்தான் இருக்கிறது. வடம் விநாடிக்கு 5 மீட்டர் வேகத்தில் நிற்காமல் ஓடுகிறது. கேபின் ஸ்டேஷனுக்குள் நுழைந்ததும் பிடி திறந்து வடத்தை விட்டுவிடும். அப்புறம் கேபின் ஒரு தண்டவாளத்தில் தொங்கிக்கொண்டு, டயர் வரிசை தள்ள, நடக்கிற வேகத்தைவிடக் குறைவாக நகரும். ஆள் ஏறி இறங்கியதும் அடுத்த டயர் வரிசை அதை வடத்தின் வேகத்துக்குக் கொண்டுபோய்விடும், பிடி மறுபடி கவ்வும். நீங்கள் எவ்வளவு மெதுவாக ஏறினாலும் வெளியே பறக்கிறவருக்கு ஒன்றும் தெரியாது.

தேன்மொழி:
ஐயா, கழன்று கழன்று மாட்டும் என்றால் கேட்கவே பயமாக இருக்கிறது. நடுவழியில் கழன்றால்?

வடம்பிடித்தவன்:
நல்ல கேள்விம்மா. பிடியை மூடி வைத்திருப்பது ஸ்பிரிங். கரண்டோ எண்ணெய் அழுத்தமோ இல்லை. திறக்க வேண்டும் என்றால் வெளியிலிருந்து ஒரு லிவரை அழுத்த வேண்டும், அந்த லிவரை அழுத்தும் பட்டை ஸ்டேஷனுக்குள் மட்டும்தான் இருக்கிறது. நடுவழியில் அதைத் திறக்க எதுவுமே கிடையாது. ஸ்டேஷனை விட்டுக் கிளம்பும் ஒவ்வொரு முறையும் பிடி சரியாகக் கவ்வியதா, கவ்விய விசை போதுமா என்று சுவிட்சுகள் பார்க்கும். சந்தேகம் வந்தால் மொத்தத் தடமும் நின்றுவிடும்.

அதற்காக விழவே விழாது என்று சொல்ல மாட்டேன். ஹாங்காங்கின் ங்கோங் பிங் ரோப்வேயில் 2007 ஜூனில், பொதுமக்கள் நேரம் முடிந்து சோதனை நடந்துகொண்டிருந்தபோது ஒரு கேபின் விழுந்தது. உள்ளே யாரும் இல்லை. மாதக்கணக்கில் மூடிவைத்துச் சரிபார்த்த பிறகுதான் திறந்தார்கள்.

கணக்கர்:
வடம்பிடித்தவன் சார் விட்ட ஒரு வகை இருக்கிறது, அதிலிருந்துதான் கணக்கே புரியும். கிணற்று ராட்டினத்தில் இரண்டு வாளி மாதிரி, ஒன்று ஏறினால் மற்றது இறங்கும். பெரிய பெட்டி இரண்டே இரண்டு. தாங்குவதற்கு அசையாத தடித்த வடம், இழுக்க வேறு வடம். ஜோஷிமட்–ஔலி, கேப்டவுனின் டேபிள் மவுண்டன் எல்லாம் இந்த ரகம். ஜெர்மனியின் சுக்ஷ்பிட்ஸ மலையில் 2017-இல் போட்டதில் 127 மீட்டர் உயரத்தில் ஒரே கோபுரம்தான், அதைத் தாண்டினால் 3,213 மீட்டருக்கு இடையில் தூணே கிடையாது. மலையேற இதைவிட அழகான எந்திரம் இல்லை என்பது என் கட்சி.

ஆனால் நகரத்துக்கு உதவாது. 100 பேர் பெட்டி, போக 5 நிமிடம், ஏற்றி இறக்க 1 நிமிடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மணிக்கு 10 நடை, ஒரு திசையில் 1,000 பேர். தூரத்தை இரட்டிப்பாக்கினால் ஒரு நடைக்கு 11 நிமிடம், மணிக்கு சுமார் 545 பேர்தான். தூரம் கூடக் கூட ஆள் குறைந்துகொண்டே போகும்.

லா பாஸ் கணக்கு வேறு. 10 பேர் கேபின், 12 விநாடிக்கு ஒன்று. மணிக்கு 300 கேபின், 3,000 பேர். தடம் ஒரு கிலோமீட்டரானாலும் நாலானாலும் அதே 3,000-தான், கேபின் எண்ணிக்கையை மட்டும் கூட்டினால் போதும். கொலம்பியாவின் மெடெயின் நகரம் 2004-இலேயே மலைச்சரிவுக் குடியிருப்புகளை மெட்ரோ ரயிலோடு இப்படித்தான் இணைத்தது. இப்போது வாரணாசியில் கட்டிக்கொண்டிருப்பதும் இந்த வகைதான்.

அடிவாரத்தான்:
சரி, புரிகிறது. ஆனால் காற்று? லா பாஸிலும் ஒரே வடம் என்கிறீர்கள். அப்படியானால் அதுவும் ஆட வேண்டுமே?

வடம்பிடித்தவன்:
ஆடும். இடி மின்னல் என்றால் அங்கேயும் நிறுத்துவார்கள். ஆனால் ஒவ்வொரு ஊரின் காற்றும் வேறு. பழனி மலைக்கு வருவது பாலக்காட்டுக் கணவாயில் நெருக்கிக்கொண்டு வரும் தென்மேற்குக் காற்று. உடுமலைப்பேட்டைப் பக்கம் அத்தனை காற்றாலைகளைச் சும்மாவா நட்டு வைத்திருக்கிறார்கள்?

காற்றில் பயப்படுவது பெட்டி ஆடுவதற்கு மட்டும் இல்லை. ஒற்றை வட முறையில் வடம் கோபுரத்து உருளைகளின் மேல் சும்மா உட்கார்ந்து ஓடுகிறது. பக்கவாட்டுக் காற்று தள்ளினால் உருளையை விட்டு நழுவலாம். நழுவினால் கீழே விழாமல் பிடித்துக்கொள்ள வெளிப்பக்கம் ஒரு தாங்கி இருக்கும், தடமும் தானாகவே நிற்கும். ஆனால் மறுபடி ஏற்றிவைக்கும் வரை உள்ளே இருப்பவர்கள் தொங்க வேண்டியதுதான். கரூர் அய்யர்மலை ரோப்கார் 2024 ஜூலையில் திறந்த மறுநாளே காற்றில் நடுவழியில் நின்றது நினைவிருக்கும்.

பெட்டி எடை குறைவு, ஆள் இல்லாமல் காலியாகப் போகிறது என்றால் இன்னும் மோசம். பழனியில் காற்று பார்த்து நிறுத்துகிறவரைத் திட்டாதீர்கள், அவர் தன் வேலையைச் சரியாகச் செய்கிறார்.

மேகமலை:
காற்றென்றால் குல்மார்க்கைச் சொல்லாமல் விட்டுவிட்டீர்களே. 2017 ஜூனில் காற்றில் ஒரு பைன் மரம் சாய்ந்து வடத்தில் விழுந்தது, ஏழு பேர் போய்விட்டார்கள். எந்திரத்தில் குறை இருந்ததோ இல்லையோ, தடத்தின் ஓரத்து மரம் யார் கணக்கில் வரும்? ரோப்வே போட்டால் காட்டை வெட்ட வேண்டியதில்லை, தூண் நட்டால் போதும் என்று விளம்பரம் செய்கிறவர்கள் இதற்குப் பதில் சொல்ல வேண்டும்.

சிங்கைவாசி:
இங்கே மரம் இல்லை, கப்பல். 1983 ஜனவரி 29. மவுண்ட் ஃபேபரில் இருந்து செந்தோசாவுக்குப் போகும் ரோப்கார் 1974 முதல் ஓடிக்கொண்டிருந்தது. துறைமுகத்தை விட்டுக் கிளம்பிய எனிவெடொக் என்ற துளையிடும் கப்பலின் கோபுரம் வடத்தில் மாட்டியது. இரண்டு கேபின்கள் கடலில் விழுந்தன, ஏழு பேர் இறந்தார்கள். மற்ற கேபின்களில் 13 பேர் இரவெல்லாம் தொங்கினார்கள், ஹெலிகாப்டரில் கயிறு இறக்கித்தான் எடுத்தார்கள். அந்த மீட்பை நடத்திய ராணுவ அதிகாரி லீ சியன் லூங், பின்னாளில் பிரதமர் ஆனவர். எங்கள் வீட்டுப் பெரியவர்கள் ரோப்காரில் ஏறுவதற்கு முன் கீழே கப்பல் இருக்கிறதா என்று இன்றைக்கும் எட்டிப் பார்ப்பார்கள்.

கணக்கர்:
காற்றுக்குப் பதில் இல்லாமல் இல்லை. ஃபியூனிடெல் என்று ஒன்று: ஓடும் வடங்கள் இரண்டு. அவை மூன்று மீட்டருக்குச் சற்றுக் கூடுதலான இடைவெளியில் இணையாகப் போகும். கேபின் இரண்டுக்கும் நடுவில், இரண்டையும் பிடித்துக்கொண்டு தொங்கும். தோள் அகலமாக இருப்பதால் ஆட்டம் குறைவு. ஒற்றை வட கேபின்களை மணிக்கு 60, 70 கிலோமீட்டர் காற்றிலேயே நிறுத்தும் இடங்களில் இது 100 வரை தாக்குப்பிடிக்கும் என்பார்கள்.

இன்னொன்று 3எஸ். அசையாத தாங்கு வடம் இரண்டு, அதன் மேல் சக்கர வண்டி, அதை இழுக்க மூன்றாவது வடம். ஸ்டேஷனில் பிடி கழலும், அதனால் கேபின்கள் சுற்றிக்கொண்டே இருக்கும். பெரிய பெட்டிக்காரனின் உறுதியும் லா பாஸின் ஓட்டமும் சேர்ந்தது. கனடாவின் விஸ்லரில் 2008-இல் போட்டது இரண்டு மலைகளுக்கு நடுவே 3 கிலோமீட்டருக்குத் தூணே இல்லாமல் போகிறது, பள்ளத்தாக்கு 436 மீட்டர் கீழே. வியட்நாமின் ஃபூ குவோக்கில் கடலுக்கு மேல் 7.9 கிலோமீட்டர். பிரான்ஸின் துலூஸ் நகரத்தில் 2022 முதல் நகரப் போக்குவரத்தாகவே ஓடுகிறது, 3 கிலோமீட்டருக்கு வழியில் கோபுரங்கள் ஐந்துதான்.

செலவு? அதைக் கேட்காதீர்கள். ஒற்றை வடத்தைப் போல் பல மடங்கு.

தேன்மொழி:
அப்படியானால் வடம் அதிகமாக அதிகமாகப் பாதுகாப்பு. எல்லா இடத்திலும் அதையே போடலாமே.

வடம்பிடித்தவன்:
இல்லைம்மா. இத்தாலியில் ஸ்டிரேசா–மொட்டரோனே ரோப்வேயில் தாங்கு வடம் வேறு, இழு வடம் வேறு. 2021 மே 23 அன்று மேலே போய்ச் சேரும் நேரத்தில் இழு வடம் அறுந்தது. அறுந்தால் என்ன செய்ய வேண்டும் என்று எந்திரம் தெரிந்தே கட்டப்பட்டிருந்தது: பெட்டியின் அவசர பிரேக் தாங்கு வடத்தைக் கவ்விக்கொள்ள வேண்டும், பெட்டி இருந்த இடத்திலேயே நிற்க வேண்டும். ஆனால் அந்த பிரேக் அடிக்கடி தேவையில்லாமல் கவ்விச் சேவையை நிறுத்துகிறது என்று, அதைத் திறந்தே வைக்க ஒரு இரும்புக் கவையைச் செருகி வைத்திருந்தார்கள். பெட்டி பின்னோக்கி ஓடி, கோபுரத்தில் தூக்கி எறியப்பட்டு விழுந்தது. 14 பேர் இறந்தார்கள், ஒரு சிறுவன் மட்டும் பிழைத்தான். வடத்தின் எண்ணிக்கையா அங்கே குறை?

பிரேக் தொந்தரவு கொடுத்தால் பிரேக்கைச் சரிசெய்ய வேண்டும், அல்லது கடையைச் சாத்த வேண்டும். மேலே இருக்கிறவர் வண்டி ஓடியே ஆக வேண்டும் என்று நெருக்கும்போது கீழே இருக்கும் மெக்கானிக்குக்கு இல்லை என்று சொல்லும் தைரியம் இருக்கிறதா என்பதுதான் நான் முதலில் பார்ப்பது. மாதம் ஒரு நாள் மூடுகிறார்கள் என்று அடிவாரத்தான் சலித்துக்கொண்டார். எனக்கு மூடாத இடத்தில் ஏறத்தான் பயம்.

அடிவாரத்தான்:
சலித்துக்கொள்ளவில்லை சார், காரணம் கேட்டேன். ஒரு மாதம் மூடிவைத்து என்னதான் செய்வார்கள்?

வடம்பிடித்தவன்:
பழனியில் உள்ளே என்ன செய்கிறார்கள் என்று நான் பார்த்ததில்லை. நிலைப்பிடி உள்ள எந்த ரோப்வேயிலும் செய்ய வேண்டியதைச் சொல்கிறேன்.

பிடி ஒரே இடத்தில் கவ்விக்கொண்டே இருந்தால் அந்த இடத்து எஃகு இழைகள் நசுங்கும், வளையும்போது அங்கேதான் முதலில் அறும். அதனால் குறித்த காலத்துக்கு ஒரு முறை எல்லாப் பிடியையும் கழற்றி, வடத்தில் கொஞ்சம் தள்ளிப் பூட்ட வேண்டும். பிடியைப் பிரித்து விரிசல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். வடத்தைக் காந்தக் கருவிக்குள் ஓடவிட்டு, வெளியே தெரியாமல் உள்ளே அறுந்த இழைகளைக் கண்டுபிடிக்க வேண்டும். வடம் நாளாக நாளாக நீளும். எடைக்கல்லோ எண்ணெய் அழுத்தமோ வைத்து இழுவிசையைச் சமமாக வைத்திருப்பார்கள், அதற்கும் எல்லை தாண்டினால் வெட்டிச் சுருக்கி மறுபடி பின்ன வேண்டும். ஓடும் வடத்தில் முடிச்சோ கொக்கியோ போட முடியாது. ஒரு முனையின் புரிகளைப் பிரித்து இன்னொரு முனையின் புரிகளோடு மாற்றி மாற்றிச் செருகுவார்கள், பின்னல் மட்டும் வடத்தின் விட்டத்தைப் போல் சுமார் 1,200 மடங்கு நீளம் வரும். 40 மில்லிமீட்டர் வடம் என்றால் 48 மீட்டர். முடித்த பிறகு எங்கே பின்னினார்கள் என்று தடவிப் பார்த்தாலும் சட்டென்று தெரியாது. அதைச் செய்யும் கைகள் குறைந்துகொண்டே வருகின்றன, இது வேறு கவலை.

அசையாத தாங்கு வடத்தின் கதை வேறு. அதன் வெளி இழைகள் ஒன்றோடு ஒன்று பூட்டிக்கொள்ளும் வடிவத்தில் இருக்கும், மேற்பரப்பு வழவழவென்று இருப்பதால் சக்கரம் ஓடும். சில ஆண்டுகளுக்கு ஒரு முறை அதையும் கொஞ்சம் நகர்த்துவார்கள், கோபுரத்தின் மேல் வளைந்து கிடந்த பகுதிக்கு ஓய்வு கிடைக்க.

மேகமலை:
மீட்பையும் சொல்லுங்கள். ஜார்க்கண்டின் தேவ்கர் திரிகூட மலையில் 2022 ஏப்ரலில் கேபின்கள் நடுவானில் நின்றன, 40 மணி நேரத்துக்கு மேல். விமானப்படை ஹெலிகாப்டர் வந்துதான் ஒவ்வொருவராகத் தூக்கினார்கள். மூன்று பேர் இறந்தார்கள், அதில் இரண்டு பேர் தூக்கும்போது விழுந்தவர்கள்.

வடம்பிடித்தவன்:
ஹெலிகாப்டர் கடைசி வழி, அதன் இறக்கைக் காற்றே கேபினை ஆட்டும். ஒற்றை வடத்தில் வழக்கம் என்னவென்றால் மீட்பாளர் வடத்தின் மேலேயே நகர்ந்து வந்து, ஆளைப் பட்டையில் கட்டிக் கயிற்றில் தரைக்கு இறக்குவார். தரை எட்டாத பள்ளத்தில் இது நடக்காது. அதனால் 3எஸ் மாதிரி உயரமான தடங்களில் எது பழுதானாலும் கேபின்களை மெதுவாகவாவது ஸ்டேஷனுக்கு ஓட்டிவரும்படி மாற்று மோட்டார், மாற்று கியர்பாக்ஸ் என்று இரட்டிப்பாக வைக்கிறார்கள். கொடைக்கானல் பேச்சில் நான் கேட்க நினைப்பது இதைத்தான்.

போடிக்காரன்:
கொடைக்கானலுக்கு முன்னால் எங்கள் பக்கத்துக் கதையைக் கேளுங்கள். மூணாறுத் தேயிலை ஒரு காலத்தில் ரோப்வேயில்தான் தமிழ்நாட்டுக்கு இறங்கியது. மூணாற்றிலிருந்து டாப் ஸ்டேஷன் வரை குண்டளைப் பள்ளத்தாக்குக் குட்டி ரயில், அங்கிருந்து வடத்தில் தொங்கி மலைக்குக் கீழே கொட்டகுடி, அப்புறம் மாட்டுவண்டியில் போடி. 1924 வெள்ளத்தில் அந்த ரயில் அடித்துக்கொண்டு போய்விட்டது. டாப் ஸ்டேஷன் என்ற பெயர் மட்டும் சுற்றுலாக்காரர்களுக்காக மிஞ்சியிருக்கிறது. அங்கே போய் ரயில் எங்கே என்று கேட்கிறவர்கள் உண்டு.

சரக்கு ரோப்வேக்குக் காற்றும் இல்லை, மீட்பும் இல்லை. ஒரு மூட்டை விழுந்தால் ஒரு மூட்டை போயிற்று, அவ்வளவுதான். ஸ்வீடனில் இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் கிறிஸ்டினேபெரியிலிருந்து பூலிடென் வரை 96 கிலோமீட்டருக்கு தாதுவை இப்படிக் கொண்டுபோனார்கள்.

கணக்கர்:
கொடைக்கானலுக்கு 12 கிலோமீட்டர் என்கிறார்கள். பஸ் பாதை சுமார் 64 கிலோமீட்டர், இரண்டு மணி நேரத்துக்கு மேல். ஒற்றை வடத்தில் விநாடிக்கு 6 மீட்டர் போனால் 33 நிமிடம், 3எஸ்ஸில் 8 மீட்டர் போனால் 25 நிமிடம். ஒரே வளையமாகப் போட முடியாது, இரண்டு மூன்று துண்டாக இடையில் ஸ்டேஷன் வைத்துத்தான் போட வேண்டும். வெனிசுவேலாவின் மெரிடாவில் நான்கு துண்டாக 12.5 கிலோமீட்டர், 4,765 மீட்டர் உயரம் வரை ஏறுகிறது. ஆக, செய்ய முடியாத காரியம் இல்லை. ஆடிக் காற்றைக் கணக்கில் எடுத்தால் 3எஸ்தான்.

மேகமலை:
முடியுமா என்பது ஒரு கேள்வி, வேண்டுமா என்பது இன்னொன்று. 2024 மே மாதத்திலிருந்து கொடைக்கானலுக்கு இ-பாஸ். வண்டி தாங்கவில்லை என்றுதான் உயர் நீதிமன்றம் அப்படிச் சொன்னது. மணிக்கு 3,000 பேரை நேராக ஏரிக்கரையில் கொண்டுபோய் இறக்கினால் குடிதண்ணீருக்கு என்ன செய்வார்கள்?

கணக்கர்:
அது எதிர்ப்பக்கமும் பேசும். 3,000 பேர் கார் இல்லாமல் வருவார்கள். டிக்கெட் எண்ணிக்கையை வைத்து எத்தனை பேர் என்று அளந்து விடலாம், மலைப்பாதையில் அது முடியாது. ஆனால் ரோப்வேயும் போட்டு, பாதையில் வண்டியையும் முன்போலவே விட்டால் மேகமலை சொல்வதுதான் நடக்கும்.

தேன்மொழி:
கடைசியாக ஒன்று. பாதி வழியில் கரண்ட் போனால்?

வடம்பிடித்தவன்:
முதலில் பிரேக் தானாக விழும். பிரேக்கைத் திறந்து வைக்கத்தான் அழுத்தம் வேண்டும், அது போனால் ஸ்பிரிங் மூடிவிடும். மோட்டார் தண்டில் ஒன்று, வடம் சுற்றும் பெரிய சக்கரத்தையே நேராகக் கவ்வ இன்னொன்று. அப்புறம் டீசல் எஞ்சினைக் கிளப்பி, மெதுவான வேகத்தில் எல்லாரையும் ஸ்டேஷனுக்குக் கொண்டுவருவார்கள். கூட்டம் மேலிருந்து இறங்கும் மாலை நேரமாக இருந்தால் எஞ்சினுக்கு வேலையே குறைவு, எடையே இழுக்கும். அப்போது பிரேக்கும் கட்டுப்பாடும்தான் முக்கியம்.

போடிக்காரன்:
மேலிருந்து பாரம் இறங்கும் சரக்கு ரோப்வேயில் சரிவு போதுமான அளவு இருந்தால் மோட்டாரே வேண்டாம், காலித்தொட்டியை இறங்குகிற பாரமே மேலே இழுத்துவிடும். அப்படியானால் கொடைக்கானல் கேரட்டையும் பூண்டையும் அதே வடத்தில் இறக்கினால் ஆட்களை ஏற்றும் கரண்ட் செலவு மிச்சம் ஆகுமே?

வடம்பிடித்தவன்:
ஓரளவுக்கு ஆகும். ஏறுகிற எடையும் இறங்குகிற எடையும் ஒன்றை ஒன்று சரிக்கட்டிவிடும், மோட்டார் கொடுப்பது வித்தியாசத்துக்கும் உராய்வுக்கும் மட்டும்தான். காலையில் எல்லாரும் ஏறுகிற நேரத்தில்தான் கரண்ட் அதிகம் இழுக்கும், கேரட் மூட்டையும் அந்த நேரத்தில்தான் ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்குக் கிளம்ப வேண்டியிருக்கும். லா பாஸில் கூடை தூக்கிக்கொண்டு ஏறுகிறவர்களைச் சேர்த்துத்தான் ஓட்டுகிறார்கள். கேபின் தரையை மட்டும் கழுவும்படி போடச் சொல்லுங்கள்.